வயதா, வலியா, வெறியா? முதிய நாயின் திடீர் மாற்றங்கள்

பத்துப் பன்னிரண்டு வருஷம் தோட்டத்துக்குக் காவல் இருந்த நாய், ஒருநாள் காலையில் சோறு வைக்க வந்த வீட்டுக்காரம்மாவையே பார்த்துப் பல்லைக் காட்டி உறுமுகிறது. இன்னொரு நாய் நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, நாலு அடி வைப்பதற்குள் விழுகிறது. வேறொன்று ராத்திரி முழுக்கக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்றுக்கும் ஊரில் ஒரே பதில்தான்: “வயசாயிருச்சு.” அது போதாதபோது இன்னொரு பதில் கைவசம் இருக்கிறது: “வெறி புடிச்சிருச்சு.” முதல் பதில், வைத்தியம் பார்த்தால் தேறிவிடக்கூடிய நாயை மூலையில் கிடக்க விட்டுவிடுகிறது. இரண்டாவது, காதுக்குள் கோளாறு வந்த நாயைக்கூடத் தடியெடுத்து அடிக்க வைக்கிறது. உண்மையிலேயே வெறிநோய் கண்ட நாயை “வயசுக் கோளாறு” என்று நினைத்து அதன் வாயைத் திறந்து பார்த்தவருக்கோ உயிருக்கே ஆபத்து.

முதுமை ஒரு நோயின் பெயர் அல்ல. கிழட்டு நாயின் குணம் மாறினால் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நெருங்குவதற்கு முதலில் கேட்க வேண்டியது, மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான். மணிக்கணக்கில் வந்ததா, நாள்கணக்கிலா, மாதக்கணக்கிலா? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் கால்நடை மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவர் நாயோடு இருப்பவர் மட்டுமே.

இதை மன்னவனூரை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டரில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி, போளூர், கிளாவரை என்று பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களில் ஒன்று. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளையும் பூமி. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இங்கே இயங்குகிறது. சுற்றியுள்ள காடுகள் 2013-இல் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. காட்டுமாடும் காட்டுப்பன்றியும் தோட்டத்தில் இறங்கும். சிறுத்தையும் செந்நாயும் அக்கம்பக்கத்தில் உண்டு. இங்கே நாய்க்கு வேலை இருக்கிறது. ராத்திரி ஏதாவது இறங்கினால் குரல் கொடுக்க வேண்டும்.

நாயின் முதுமை பற்றி உலகத்தில் நடந்த ஆய்வுகளோ பெரும்பாலும் வீட்டுக்குள் சோபாவுக்குப் பக்கத்தில் படுத்து வளரும் நாய்களைப் பற்றியவை. 2001-இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வு ஒன்று, 11 முதல் 16 வயது வரையிலான நாய்களை வளர்ப்பவர்களிடம் கேள்வி கேட்டது. திசை தடுமாறுதல், வீட்டாரோடு பழகும் விதம் மாறுதல், தூக்கம் தலைகீழாதல், வீட்டுக்குள் அசுத்தம் செய்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் இருந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தினர் 2010-இல் செய்த கணிப்பு இன்னும் முக்கியமானது. 8 வயதுக்கு மேற்பட்ட நாய்களில் சுமார் 14 சதவீதத்துக்கு மறதிநோயின் அடையாளங்கள் இருந்தன. மருத்துவர் அதைக் கண்டு பெயர் சொல்லியிருந்ததோ 2 சதவீதத்துக்கும் குறைவான நாய்களுக்கு. அங்கேயே அப்படியென்றால், கால்நடை மருத்துவரைப் பார்க்கக் கொடைக்கானல் வரை பேருந்தில் நாயை ஏற்ற முடியாத ஊரில் நிலைமை என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அதே சிட்னி ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு 13 கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். சுவரை வெறித்துப் பார்க்கிறதா, சாமான்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறதா, தெரிந்தவர்களை அடையாளம் காண்கிறதா, கீழே விழுந்த தீனியைத் தேடி எடுக்கிறதா என்றெல்லாம் கேட்கும். நல்ல தாள். ஆனால் அதை அப்படியே மன்னவனூருக்குக் கொண்டுவந்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இருக்காது. இங்கே நாய் வீட்டுக்குள் வருவதே இல்லை. வீட்டுக்குள் அசுத்தம் செய்கிறதா என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. ராத்திரி குரைக்கிறதா என்று நகரத்தில் கேட்பார்கள். இங்கே ராத்திரி குரைப்பது வேலை. குரைக்காமல் போனால்தான் கவலை. மலைக் கிராமத்துக்கு வேறு கேள்விகள் வேண்டும். தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் தானாகத் திரும்பி வருகிறதா? படலைத் திறக்கும்போது திறக்கிற பக்கம் நிற்கிறதா, கீல் இருக்கிற பக்கம் போய் நின்றுகொண்டு காத்திருக்கிறதா? காட்டுமாடு இறங்கியும் சும்மா படுத்திருந்ததா? வீட்டு ஆட்களைப் பார்த்துக் குரைக்கிறதா? கால்நடைக் கல்லூரி மாணவர் யாராவது இப்படி ஒரு தாளை மேல்மலைக்கென்று தயாரித்தால் அது பெரிய உபகாரமாக இருக்கும்.

மணிக்கணக்கில்

ஒரே இரவில் தலைகீழாகும் நாய்களில் நிறையப் பேரைப் பயமுறுத்துவது, ஆனால் பெரும்பாலும் தானே சரியாகிவிடுவது, உள்காதின் சமநிலைக் கோளாறு. வயதான நாய்களுக்குத் திடீரென்று வரும். தலை ஒரு பக்கம் சாயும். எழுந்தால் அந்தப் பக்கமே விழும். குமட்டலால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், சாப்பாடு இறங்காது. கிட்டே போய்க் கண்ணை மட்டும் பாருங்கள். கருவிழி ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து போகும், வெடுக்கென்று திரும்பும். மறுபடி நகரும், மறுபடி திரும்பும். தலை அசையாமல் இருக்கும்போதும் அந்த ஓட்டம் நிற்காது. நாய்க்கு உலகமே சுழல்கிறது. பார்ப்பவர்கள் பக்கவாதம் என்பார்கள், எச்சிலையும் தள்ளாட்டத்தையும் கண்டு வெறி என்றும் சொல்வார்கள். பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளில் தெளிய ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். தலைச் சாய்வு மட்டும் சிலவற்றுக்கு மிச்சம் நிற்கும். காதுக்குள் சீழ் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். கருவிழி பக்கவாட்டில் ஓடாமல் மேலும் கீழுமாக ஓடினாலோ, கால் மடங்கி மேல்பாதம் தரையில் பட்டாலோ மூளைக்குள்ளேயே கோளாறு இருக்கலாம். இப்படி விழுந்து கிடக்கும் நாயைக் கருணைக்கொலை செய்துவிடலாமா என்று முதல் நாளிலேயே கேட்பவர்கள் உண்டு. மூன்று நாள் பொறுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது.

வலிப்பும் ஒரு நொடியில் வருவது. இதில் வயது நல்ல தடயம். வேறு காரணம் தெரியாத, பரம்பரை என்று கருதப்படும் வலிப்பு நாய்களுக்குப் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையே தொடங்கிவிடும். 9, 10 வயதில் முதல் தடவையாக வலிப்பு வந்தால் மூளையில் கட்டி, ஈரல் கோளாறு, விஷம் போன்றவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். எல்லா வலிப்பும் உடம்பு முழுக்க வெட்டி இழுப்பதல்ல. இல்லாத ஈயைக் கவ்வுவது, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிப்பது, சில நொடி மரம்போல நிற்பது இவையும் வலிப்பாக இருக்கலாம்.

விஷம் என்றதும் இந்த மலையில் இரண்டைச் சொல்ல வேண்டும். காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்தில் ஆர்கனோபாஸ்பேட் வகை நாயின் நரம்பைத் தாக்கும். எச்சில் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், சதை துடிக்கும், வயிறு போகும். அது நிமிஷக் கணக்கில் ஓட வேண்டிய அவசரம். மற்றொன்று யாரும் சந்தேகப்படாதது: பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மனிதனுக்கு மருந்து. நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனையில், உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் பூண்டு என்ற கணக்கில் சாற்றை ஏழு நாள் கொடுத்தபோது நாய்களின் சிவப்பணுக்களில் சேதம் தெளிவாகத் தெரிந்தது. குழம்பில் கிடக்கும் ஒரு பல்லால் ஒன்றும் ஆகிவிடாது. பூச்சிக்கு நல்லது என்று கைநிறைய இடித்துத் தினமும் ஊட்டுவதுதான் ஆபத்து. விளைவு அன்றே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் கறுத்துப் போகும். அப்போது வயசு மேல் பழி விழும்.

ஈறு என்று சொன்னதால் ஒன்று: நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்க ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டும். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். திடீரென்று சரிந்து படுத்த கிழ நாயின் ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தால் மண்ணீரல் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நிலைகொள்ளாமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராஜபாளையம் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு அந்த அபாயம் கூடுதல். இரண்டும் மறுநாள் வரை காத்திருக்காது. ஆனால் கடிக்க வரும் நாயின், வெறிநோய்ச் சந்தேகம் உள்ள நாயின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டு போகவே கூடாது.

நாள்கணக்கில்

இரண்டு மூன்று நாளில் குணம் மாறிய நாயைப் பார்த்தால் நம் நாட்டில் முதலில் எழ வேண்டிய சந்தேகம் ரேபீஸ், அதாவது வெறிநோய். வெளிநாட்டுப் புத்தகங்களில் இது பட்டியலின் கடைசியில் இருக்கும். இங்கே அது முதலில் இருக்க வேண்டும். உலகில் ரேபீஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022, 2023-இல் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பு, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது.

மலை ஊர்களுக்கும் இந்த நோய்க்கும் தமிழ்நாட்டில் பழைய தொடர்பு உண்டு. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சை என்றால் இமயமலையடியில் கசௌலி வரை போக வேண்டும். அந்தச் சாவு எழுப்பிய கவலையும், அமெரிக்கரான ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர்ந்துதான் 1907 ஏப்ரலில் நீலகிரியின் குன்னூரில் வெறிநோய்ச் சிகிச்சைக்கான பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தொப்புளைச் சுற்றி ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் பயந்த பழைய நரம்புத்திசு மருந்து 2004 இறுதியில் நாட்டில் நிறுத்தப்பட்டது. இன்றைய ஊசி கையில் போடுவது, பாதுகாப்பானது. ஆக, மருந்து இல்லாமல் இல்லை. சந்தேகம் வராததால்தான் சாவு.

வெறிநோய் என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடும் நாய்தான் நம் மனதில் வருகிறது. அது ஒரு வகை. இன்னொன்று ஊமை வகை. நாய் ஒதுங்கி இருட்டு மூலையைத் தேடும். குரல் மாறும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். அன்போடு வளர்த்தவர் வாய்க்குள் கையை விட்டு எலும்பைத் தேடுவார். வயதான நாய் என்பதால் சந்தேகமும் வராது: பல்லுப்போன நாய்தானே, எலும்பு மாட்டியிருக்கும் என்ற எண்ணம். இந்தக் காட்சியை ஒவ்வொரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. நாயைத் தனியாக அடைத்து வையுங்கள், தீனியும் தண்ணீரும் தள்ளி வையுங்கள், கையால் தொடாதீர்கள். கடியோ கீறலோ எச்சில் பட்ட காயமோ இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. 10 நாள் கவனிப்பு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கடித்த நாய் 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். ஆனால் அந்தப் 10 நாளும் ஊசி போடாமல் காத்திருப்பதற்கு அது அனுமதி அல்ல. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். வெறிச் சந்தேகம் உள்ள நாயை அடித்துக் கொல்லக் கூடாது, தனிமைப்படுத்த வேண்டும் என்றுதான் 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. அதில் இரக்கமும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது: தடியோடு நெருங்குபவர்தான் கடிபடுவார்.

ரேபீஸ் இல்லை என்று ஓரளவு தெளிந்தபின் அடுத்துத் தேட வேண்டியது வலி. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழுவினர் 2020-இல் எழுதிய கட்டுரை, நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் வந்த விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருந்ததாகவும், சில தொகுப்புகளில் அது 80 சதவீதத்தை நெருங்கியதாகவும் சொல்கிறது. திடீரென்று உறுமும் கிழ நாய்க்குப் பெரும்பாலும் கோபம் இல்லை. தொட்டால் வலிக்கும் என்ற பயம். முகத்தைத் தொட்டால் சீறுகிறதா? கடைவாய்ப் பல் வேரில் சீழ் கட்டியிருக்கலாம். பின்பக்கம் தொட்டால் திரும்புகிறதா? இடுப்பு மூட்டும் முதுகெலும்பும். மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும். ஈர மண்ணில் சாக்கின்மேல் படுத்த நாய் காலையில் எழவே யோசிக்கும். பின்னங்கால் நகங்களைத் திருப்பிப் பாருங்கள். நடுவிரல் நகங்கள் மட்டும் முன்பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தால் அது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித் தேய்வதற்குப் பல வாரம் ஆகும். உறுமல்தான் நேற்று வந்தது; வலி ரொம்ப நாளாக இருந்திருக்கிறது.

வலிக்கு மனிதர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது இந்த மலையில் மட்டுமல்ல, எங்கும் நடக்கிறது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். நாய்க்கென்று பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து மருத்துவர் தர வேண்டியவை அவை.

கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது கிராமங்களில் தவறவிடப்படும் இன்னொரு அவசரம். பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். நாய் மந்தமாகும், மொண்டு மொண்டு தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது; சில சமயம் சீழ் வெளியே தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. அறுவை செய்தால் பிழைக்கும். விட்டுவிட்டால் ரத்தத்தில் நஞ்சேறிச் சாகும்.

நோயே இல்லாத ஒரு காரணமும் இந்த ஊர்களில் உண்டு. ராத்திரி வெளியே படுத்துக் காவல் காத்த நாய் திடீரென்று வாசலை விட்டு நகர மறுக்கிறது, கதவைப் பிராண்டுகிறது, இருட்டைப் பார்த்து நடுங்குகிறது. மூளை மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஈரமண்ணில் காலடித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வித்யா அத்ரேயா குழுவினர் நடத்திய ஆய்வில், அங்குள்ள சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய்களாக இருந்தன. ஓட முடியாது என்று தன் கால்களைப் பற்றித் தெரிந்துகொண்ட கிழ நாய் இளசுகளைவிட முன்னதாகப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை உள்ளே விடுங்கள்.

வாரம், மாதம், வருஷம்

மெல்ல வரும் நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறுநீரகம் கெட்டாலும் சர்க்கரை நோய் வந்தாலும் குஷிங் என்ற சுரப்பி நோய் வந்தாலும் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், கண்ட இடத்தில் மூத்திரம் பெய்யும். தைராய்டு குறைந்தால் குண்டாகி, மயிர் உதிர்ந்து, மந்தமாகும். உண்ணிக் காய்ச்சல் நீடித்தால் சோகை பிடிக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு மூத்திரப் பரிசோதனையும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழிகாட்டிவிடும்.

மூளைக் கட்டியைப் பற்றி ஆடு வளர்க்கும் ஊரில் சொன்னால் சட்டென்று புரியும். செம்மறியாட்டின் மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி வளர்ந்தால் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். அந்தப் புழு நாயின் குடலிலிருந்து ஆட்டுக்குப் போவது. நாய்க்கு ஒழுங்காகக் குடற்புழு மருந்து கொடுக்க அதுவே ஒரு காரணம். கிழ நாய் எப்போதும் ஒரே திசையில் வட்டமிட்டால் அதற்கும் மூளையின் ஒரு பக்கத்தில் ஏதோ அழுத்துகிறது என்றே எண்ண வேண்டும். நெற்றிப்பக்க மூளையில் வளரும் கட்டி பல மாதம் வேறு எந்த அடையாளமும் காட்டாமல் குணத்தை மட்டும் மாற்றும். மறதிநோய் கண்ட நாயும் சுற்றும், ஆனால் அதன் சுற்றலுக்குத் திசை இல்லை.

பார்வையும் காதும் மங்குவது வருஷக்கணக்கில் நடப்பது. ஆனால் நமக்கு ஒரே நாளில் தெரியவரும். பழகிய தடத்தில் நாய் மூக்காலும் நினைவாலும் நடந்துவிடும். கொட்டகையை இடம் மாற்றிய அன்று, அல்லது வேறு தோட்டத்துக்குக் கூட்டிப்போன அன்று, முட்டிக்கொண்டு நிற்கும். “நேத்திக்குத்தான் குருடாச்சு” என்பார்கள். காது கேளாத நாயைத் தூங்கும்போது தொட்டால் அதிர்ந்து கடித்துவிடலாம். தரையைக் காலால் தட்டி அதிர்வைக் கொடுத்து எழுப்புங்கள். கண்ணில் தெரியும் நீலநிற மங்கல் எல்லாம் புரை அல்ல. வயதானால் விழிலென்ஸ் இறுகி நீலம் பூக்கும், அதனால் பார்வை பெரிதாகக் கெடாது.

இவை எல்லாவற்றையும் தள்ளிய பிறகுதான் மூளையின் முதுமை என்ற பேச்சுக்கு வர வேண்டும். நாயின் மறதிநோய் உண்மையானது. 1990-களில் கலிபோர்னியாவின் இர்வைனில் காட்மன், ஹெட், கம்மிங்ஸ் முதலியோர் கிழ நாய்களின் மூளையில் பீட்டா அமிலாய்டு என்ற புரதப் படிவைக் கண்டு, அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நாயின் அறிவு மங்கியிருப்பதைக் காட்டினார்கள். அல்சைமர் நோயாளியின் மூளையில் படிவதும் அதே புரதம்தான். அமினோ அமில வரிசைகூட மாறுவதில்லை. அதனால்தான் மனித மறதிநோயை ஆராய்கிறவர்கள் நாயைத் தேடி வருகிறார்கள்.

அமெரிக்காவில் நடக்கும் நாய் முதுமைத் திட்டத்தின் 2022 அறிக்கை 15,019 நாய்களை ஆராய்ந்தது. வயது ஒவ்வொன்று கூடும்போதும் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய 52 சதவீதம் கூடியது. அசையாமல் கிடந்த நாய்களுக்கு, ஓடியாடும் நாய்களைப்போல் ஆறு மடங்குக்கு மேல் வாய்ப்பு. கிடந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் கிடந்ததா என்பதை அந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. டொராண்டோவைச் சேர்ந்த மில்கிராம் குழுவினர் கிழ பீகிள் நாய்களை வைத்து இரண்டாண்டுக்கு மேல் நடத்திய சோதனை இதில் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. சத்துணவு மட்டும், அல்லது விளையாட்டும் நடையும் துணையும் மட்டும் கிடைத்த நாய்களைவிட, இரண்டும் சேர்ந்து கிடைத்தவை கற்பதில் முந்தின. தோட்டத்து நாய்க்கு இது சாதகமான செய்தி. வயதாகிவிட்டது என்று சங்கிலியில் கட்டிப்போடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். மெதுவாக, பழகிய தடத்தில், பகல் வெளிச்சத்தில் கூடவே நடத்திக் கூட்டிப்போங்கள்.

மருந்துகள் குறைவு. செலிஜிலின் என்ற மாத்திரையை அமெரிக்கா 1998-இல் நாய்களின் மறதிநோய்க்கு அனுமதித்தது. சில நாய்களுக்குக் கைகொடுக்கிறது, எல்லாவற்றுக்கும் அல்ல. உண்ணிக்குப் பூசும் அமிட்ராஸோடும், டிராமடால் போன்ற வலி மருந்தோடும் அதைச் சேர்க்கக் கூடாது. மூளைக்கு நல்லது என்று தேங்காயெண்ணெய் ஊற்றும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. ஆய்வில் பலன் தந்தது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த தனி உணவு. தேங்காயெண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம். இரண்டும் ஒன்றல்ல. கிழ நாய்க்கு எண்ணெய் அதிகமானால் கணையம் வீங்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எசமானோடு நின்று கள்வரோடு போராடிய கோவிவன் என்ற நாயின் உருவமும் பேரும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. போராடிச் செத்த நாய்க்குக் கல் நட்ட மரபு நம்முடையது. வேலை செய்து ஓய்ந்த நாய்க்கு ஒரு பரிசோதனை செய்துபார்ப்பதும் அந்த மரபைச் சேர்ந்ததாகவே நான் கருதுகிறேன்.

தூரம் ஒரு தடைதான். ஆனால் கையில் செல்போன் இருக்கிறது. நாய் வினோதமாக நடந்துகொள்ளும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும் நேரத்தில் அது அப்படி நடந்துகொள்ளாது. என்று, எந்த வேளையில் தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, தோட்டத்தில் என்ன மருந்து அடித்தீர்கள், கடைசி ரேபீஸ் ஊசி என்றைக்குப் போட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கால்நடைத் துறையின் நடமாடும் ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் மலையிறங்கித் தேனி வீரபாண்டியில் 2020-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

“இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகுது, இதுக்கு எதுக்கு ஊசி” என்று கிழ நாய்க்குத் தடுப்பூசியை நிறுத்திவிடுவது பல வீடுகளில் வழக்கம். நிறுத்தாதீர்கள். ஊசி தவறாத நாயென்றால், நாளைக்கு அதன் குணம் மாறும்போது வெறிநோய்ச் சந்தேகம் பெருமளவு குறைந்து, நோயைத் தேடும் வேலை பாதியாகும். உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6 அன்றும், ரேபீஸ் தினமான செப்டம்பர் 28 அன்றும் தமிழகத்தின் பல ஊர்களில் இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன. அந்த ஊசிக்கு வயது வரம்பு கிடையாது.